கட்டிலின் காலடியில் நின்று பார்த்த வைத்தியம்

போன மாதம் மருத்துவ பீட மாணவர்கள் என்னை ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். 'ஆரோக்கிய நிறை வாரம்' என்று அதற்குப் பெயர். ஓய்வுபெற்ற வைத்திய நிபுணர் என்ற முறையில் நான் பிரதம விருந்தினர். கண்டியில் காலையிலிருந்தே மழை. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனால், கன்டீன் வாசலில் நிறை பார்க்கும் மெஷின் ஒன்றை வைத்து, பக்கத்தில் பெரிய வெள்ளைப் பலகை ஒன்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். மெஷினில் ஏறாமல் யாருக்கும் தேநீர் இல்லையாம். ஏறியவரின் நிறையை ஒருவர் மைக்கில் வாசிக்கிறார், இன்னொருவர் பலகையில் எழுதுகிறார். மெலிந்தவர்களுக்குக் கைதட்டல், மற்றவர்களுக்கு ஊளை. அந்த ஊளையைப் போட்டவர்கள் இன்னும் கொஞ்ச நாளில் வைத்தியர்களாக வெளியே வரப்போகிறவர்கள்.

தர்ஷிகா என்று ஒரு பிள்ளை, வாட்டசாட்டமான உடம்பு, தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு தொலைபேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். அவளுடைய பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூட்டம் கூப்பிட்டது. நான் ஏற்பாட்டாளரான மாணவனைக் கூப்பிட்டு இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"சும்மா ஒரு ஃபன்னுக்குத்தான் மேடம். எல்லாரும் ஸ்போர்ட்டிவா எடுத்துக்குவாங்க."

"அந்தப் புள்ளையும் ஃபன்னுக்குத்தான் தூணுக்குப் பின்னால நிக்கிதா?"

 மெஷினைத் தூக்குங்கள், இல்லையென்றால் நான் வந்த வழியே போகிறேன் என்றேன். தூக்கினார்கள். முகம் தொங்கிப் போய்த்தான் தூக்கினார்கள். நான் பேச வைத்திருந்த பேச்சையும் பேசவில்லை, அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும்.

கிளம்பும்போது தர்ஷிகா வாசல்வரை கூடவே வந்தாள். என் உடம்பையும் அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். "நீங்க படிக்கிற காலத்துல இதையெல்லாம் எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். காருக்கு நேரமாகிவிட்டது என்று ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். ஆகவே அவளுக்கான பதிலை இங்கே எழுதுகிறேன். நான் சமாளிக்கவில்லை, பிள்ளை. கோபத்தை விழுங்கினேன், சோற்றை விழுங்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் செரிக்கவில்லை.

நான் புசல்லாவைக்காரி. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நான் பிறந்ததிலிருந்தே உருண்டைதான். தேயிலைத் தோட்டத்து வீடுகளில் எலும்பும் தோலுமாகப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஊரில் என்னைக் கண்டால் ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். எனக்கும் என் உடம்புக்கும் எந்தத் தகராறும் இல்லாமல்தான் பரீட்சையில் தேறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவ பீடத்துக்குப் போனேன்.

முதல் வாரமே பகிடிவதை என்ற ராகிங்கில் எனக்குப் பட்டப்பெயர் விழுந்தது. 'கொழுந்து லொறி.' புசல்லாவையிலிருந்து வந்தவளுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று அவர்களுக்கு நினைப்பு. நான் படிகளில் இறங்கினால் கீழே நின்று கையைக் காட்டி, "வரட்டும், வரட்டும், ஒடிச்சு, ஹோல்ட்" என்று வழி சொல்வார்கள். சிங்களத்தில் ஒரு கூட்டம் சொல்லும், தமிழில் ஒரு கூட்டம் சொல்லும். மற்ற எதிலும் ஒற்றுமையாக இல்லாதவர்கள் இதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். ஆனால் சீனியர்களின் பகிடிவதை முதலாம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் வார்டுக்குப் போனபோதுதான் பேராசிரியர் தொடங்கினார்.

அவர் பெயர் வேண்டாம். பேராசிரியர் என்றே சொல்கிறேன். வடக்கிலிருந்து வந்தவர், ஒல்லியானவர், வெள்ளைக் காற்சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. குரலை உயர்த்தவே மாட்டார். கைகளை அப்படிக் கழுவுவார், விரல் இடுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து. இதயத்தின் ஓசையை அவரைப்போலக் கேட்டுச் சொல்ல அப்போது மலைநாட்டில் ஆள் இல்லை என்பார்கள். அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். வேலை தெரியாத ஆளாக இருந்திருந்தால் அவர் சொன்னதை அத்தனை பேர் வேதவாக்காக எடுத்திருக்க மாட்டார்கள்.

வார்டில் அவருக்கு ஒரு முறை இருந்தது. மாணவர்கள் எல்லோரும் நோயாளியின் கட்டில் காலடியில் வரிசையாக நிற்க வேண்டும். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்க வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி மாட்டுவார். அதற்குள் நோயாளியைக் கண்ணால் மட்டும் பார்த்து என்ன தெரிகிறது என்று சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும். "கையைப் பின்னால கட்டும். கண்ணால மட்டும் பாரும்" என்பார் தமிழ் மாணவர்களிடம். பார்வையிலேயே பாதி நோய் பிடிபடும் என்பது மருத்துவத்தில் எல்லோரும் சொல்லிக்கொடுப்பதுதான். நீலம் பாரித்த உதடு, வீங்கிய கழுத்து, மஞ்சள் கண், இதெல்லாம் தொடாமலே தெரியும். அவரோ இன்னும் ஒரு படி மேலே போனார். பார்த்ததும் தெரிந்துவிட்டால் தொடவே தேவையில்லை என்பது அவருடைய பெருமை.

பார்க்கப் பழகுவதற்கு அவர் முதலில் நோயாளியிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. எங்களையே சுவரோரமாக நிறுத்தினார். ஒருவரைப் பார்த்து மற்றவர் சொல்ல வேண்டும். ஒருவனுக்குக் கூன் விழுந்த தோள், இன்னொருத்திக்கு இரத்தசோகை, அப்படிப் போய் என்னிடம் வந்தது. பக்கத்தில் நின்றவனிடம் பேராசிரியர் கேட்டார். அவன் என்னோடு ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போய் வருகிறவன், அப்பாவின் கடையில் எத்தனையோ தரம் சாப்பிட்டவன். "பருமன், சேர்" என்றான்.

"எவ்வளவு பருமன்?"

"கூடுதலான பருமன், சேர்."

"காரணம்?"

அவன் என்னைப் பார்க்காமல், "சாப்பாடு, சேர்" என்றான். வரிசை சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. சரியான விடை வந்த திருப்தியில் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். இருபத்தொரு வயதுப் பிள்ளை ஒருத்தி சுவரோடு சுவராக நிற்கிறாளே என்ற நினைப்பு அந்த மனிதருக்கு வந்ததாகத் தெரியவில்லை. நான் அவருக்கு ஒரு விடை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை. காலையில் ஒரு பிளேன்டீ, பகலில் ஒரு பிஸ்கட், இரவில் விடுதிச் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவேன். உடம்பு இறங்கியது. தலைமுடி கொட்டியது, மாதவிலக்கு நின்றது, ஒரு தரம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். மருத்துவம் படிக்கும் அத்தனை பேர் சுற்றிலும் இருந்தும் ஒருத்தராவது உனக்கு என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மெலிந்துகொண்டல்லவா இருந்தேன். "இப்பதான் பிள்ளை டொக்டர் மாதிரி இருக்கிறீர்" என்றார் பேராசிரியர் ஒருநாள் நடைபாதையில். வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தையை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாதான், "என்னம்மா, கடைச் சோறு கெட்டுப் போச்சா ஒனக்கு? யாரு என்னா சொன்னாங்க?" என்று கேட்டு, பதில் வராமல் விடமாட்டேன் என்று பக்கத்திலேயே உட்கார்ந்தார். அங்கேதான் மறுபடி சாப்பிடத் தொடங்கினேன். உடம்பும் பழையபடி வந்து சேர்ந்தது.

இதெல்லாம் படிக்கும் காலத்தோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல வருஷம் கழித்து மேற்படிப்புக்கான நேர்முகத் தேர்வில், என் பரீட்சைப் புள்ளிப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி நீங்கள் அறிவுரை சொன்னால் நோயாளிகள் கேட்பார்களா என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவருக்குத் தொந்தி மேசையில் இடித்துக்கொண்டிருந்தது, அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆணின் தொந்தி அந்தஸ்து, பெண்ணின் தொந்தி ஒழுக்கக்கேடு. நான் நிபுணராக வந்த பிறகு என் வார்டில் மாணவர்களைக் கட்டில் காலடியில் நிற்க விட்டதே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தலைமாட்டில் உட்காரச் சொல்வேன். முதலில் பேசு, பிறகு தொடு, கடைசியில் உன் கருத்தைச் சொல். இந்தக் கிழவிக்கு எதற்கு இந்தப் பிடிவாதம் என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பார்கள். பிடிவாதத்துக்குக் காரணம் ஹாஜரா.

நான் இறுதிப் பரீட்சை முடித்து, உள்ளகப் பயிற்சிக்கு அதே பேராசிரியரின் வார்டுக்கே போடப்பட்ட காலம். எழுபதுகளின் பிற்பகுதி. இன்றைக்கு மூலைக்கு மூலை இருக்கிற ஸ்கேன் மெஷின் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. கையும் காதும்தான் கருவி. கடுகண்ணாவையிலிருந்து ஹாஜரா என்ற பெண் மூச்சு வாங்குகிறது என்று வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் மஜீத் அங்கே தகர வேலைக் கடை வைத்திருந்தார். ஹாஜரா பெரிய உடம்புக்காரி, சிறு வயதிலிருந்தே அப்படித்தானாம். வார்டில் சேர்க்கும்போது முதலில் பார்த்து விவரம் கேட்பது என்னுடைய வேலை.

"சோறே எறங்குதில்ல டொக்டர்" என்றார். "ரெண்டு வாய் தின்டா வயிறு நெறஞ்சி போகுது. வயிறு மட்டும் பெருக்குது. கையப் பாருங்க, முந்தி சவர்க்காரம் போட்டாலும் கழட்டேலாத வளையல் இது." கையைத் தொங்கவிட்டார். வளையல் வழுக்கி விரல்வரை வந்தது.

படுக்க வைத்துப் பார்த்தேன். குண்டான உடம்பு படுத்தால் எப்படிப் பரவும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுப்பு இரண்டு பக்கமும் சரியும், தொப்புள் குழிவாக உள்ளே போகும். ஹாஜராவின் வயிறு சரியவில்லை, நிமிர்ந்து நின்றது. தொப்புள் வெளியே தள்ளியிருந்தது. கையின் மேற்புறத்தில் தோல் தளர்ந்து தொங்கியது. தட்டிப் பார்த்தால் நடுவயிற்றில் மந்தமான சத்தம். உள்ளே ஏதோ வளர்கிறது என்று எனக்குப் பட்டது. சூலகத்துக் கட்டியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் பேராசிரியரின் சுற்று. மாணவர்கள் காலடியில் வரிசை கட்டினார்கள், கைகள் முதுகுக்குப் பின்னால். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். முதல் மாணவன், "பருமன், சேர்" என்றான். இரண்டாமவனும் அதையே சொன்னான். மூன்றாவதாக நின்ற மாணவி, தானே கொஞ்சம் சதைப்பிடிப்பான பெண், கொஞ்சம் கூடுதலான அருவருப்போடு அதையே சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னார்கள். ஹாஜராவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, முகங்கள் தெரியும்தானே. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

நான் கண்டதைச் சொன்னேன். வளையலைச் சொன்னேன், தொப்புளைச் சொன்னேன், ஒரு தரம் வயிற்றில் கையை வைத்துப் பாருங்கள் சேர் என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உம்மட கவலை எனக்கு விளங்குது, பிள்ளை. ஆனா எல்லா வயித்துக்கும் நீர் வக்காலத்து வாங்கத் தேவையில்லை."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களும் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்கள். நான் படித்தது, பார்த்தது, தட்டிக் கேட்டது ஒன்றும் அங்கே எடுபடவில்லை. குண்டுக்காரி ஒருத்தி இன்னொரு குண்டுக்காரிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று ஆகிவிட்டது. பேராசிரியர் ஹாஜராவிடம் திரும்பினார்.

"மூச்சு வாங்குறது நிறையால. சோத்தைக் குறையுங்கோ, எண்ணெய்ப் பலகாரம் தொடாதேங்கோ. மூண்டு மாசத்தால கிளினிக்குக்கு வாங்கோ."

"நான் தின்றதே ஒண்டுமில்லையே டொக்டர்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை" என்றார் அவர், ஹாஜராவிடம் இல்லை, மாணவர்களிடம். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். பெரிய வைத்தியரின் வார்த்தை இல்லாமல் வேறு வார்டுக்கு ஒருவரை அனுப்ப ஒரு உள்ளகப் பயிற்சிக்காரிக்கு அதிகாரம் கிடையாது. ஹாஜரா வீட்டுக்குப் புறப்படும்போது நான் வாசலில் பிடித்து நிறுத்தி, வெளியே இன்னொரு வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள் என்றேன். "பெரிய டொக்டரே செல்லிட்டாரே, மகள்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நான் கொறைக்கிறன். இனி வாயக் கட்டுறன்."

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தார். கிளினிக் வாசலில் நிறை மெஷின். தாதி நிறையை உரக்கச் சொன்னார், குறைந்திருந்தது. சேலை முந்தானையைத் தலையிலிருந்து உடம்பு முழுவதும் இழுத்துப் போர்த்தியிருந்தார், ஆகவே வெளியே தெரிந்தது முகம் மட்டும். கன்னம் ஒட்டி, கண் குழிவிழுந்த முகம். பேராசிரியர் மேசைக்குப் பின்னால் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா மெலிஞ்சிட்டியள். சொன்ன சொல்லைக் கேட்டிருக்கிறியள்." பிறகு சுற்றி நின்ற மாணவர்களிடம், மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இவர்தான் உதாரணம் என்றார். மாணவர்கள் கைதட்டினார்கள். ஹாஜராவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அந்த மகிழ்ச்சியைத் தெரியும். நடைபாதையில் இதே மனிதரின் வாயால் நானும் அதை வாங்கியிருக்கிறேன். செத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, வருங்கால வைத்தியர்கள் எல்லோரும் சேர்ந்து கைதட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் முந்தானையை விலக்கினேன். கை கால் குச்சி. வயிறு பானை. கால்கள் வீங்கியிருந்தன. வெளியே வந்து, வரிசையில் ஆட்கள் காத்திருக்க, மாணவர்கள் பார்த்திருக்க, "சேர், நீங்க இப்ப வந்து கை வெச்சுப் பாக்கணும்" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது, அவர் எழுந்து வந்தார். வயிற்றில் கையை வைத்தார். வைத்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு போய்க் கைகளைக் கழுவினார், விரல் இடுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து. சத்திரசிகிச்சை வார்டுக்கு அனுப்பும் என்று சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கே திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. முதல் தடவையே திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அதைக் கேட்கும் வாய்ப்பையே ஹாஜராவிடமிருந்து பிடுங்கிவிட்டோம்.

அதைவிட என் வயிறு எரிந்தது அடுத்த வாரம். ஹாஜரா முதலில் படுத்திருந்த கட்டிலருகே நின்று பேராசிரியர் மாணவர்களுக்கு அவரைப் பற்றிப் பாடம் நடத்தினார். சூலகப் புற்றுநோய் ஏன் ஆபத்தானது? நோயாளர்கள் பிந்தி வருகிறார்கள். இவரும் பிந்தி வந்தவர். மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். முன்பு அதே கட்டிலின் காலடியில் நின்று பருமன் என்று சொன்ன அதே பிள்ளைகள்.

"அவ பிந்தி வரல்ல சேர்" என்றேன். "நேரத்துக்குத்தான் வந்தாங்க. நாமதான் திருப்பி அனுப்பினோம்."

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த கட்டில்" என்றார். பிள்ளைகளும் பின்னாலேயே போய்விட்டார்கள். அவர்களில் பலர் இப்போது பெரிய பெரிய நிபுணர்கள். பிந்தி வந்தவர் என்று அவர்கள் எழுதிக்கொண்டதை யாராவது பிறகு வெட்டியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

ஹாஜரா சத்திரசிகிச்சை வார்டிலேயே கண்ணை மூடினார். ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுபோக வேன் வரும்வரை மஜீத் நானா வெளித் தாழ்வாரத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். விரல்களில் தகரம் வெட்டிய தழும்புகள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கத்துவார், ஏசுவார் என்றுதான் நினைத்துப் போனேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்டு கேக்கட்டா டொக்டர்?" என்றார். "பெருநாளண்டு ஊட்டுல புரியாணி. அவதான் ஆக்கினா. எல்லாருக்கும் போட்டுக் குடுத்தா. அவ ஒரு பிளேன்டீயக் குடிச்சிட்டு ஒரு பக்கமா குந்தி ஈந்தா. நான் எவ்வளவோ செல்லிப் பாத்தன். கிளினிக்குல மெலிஞ்சிட்டாய் என்டு டொக்டர் செல்லணும், நீங்க சும்மா ஈங்க என்டா. மூணு மாசமும் அப்பிடித்தான், பசிச்சாலும் தின்னல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த நோய்க்கு அந்தப் பட்டினி தேவையா ஈந்திச்சா?"

"இல்ல நானா" என்றேன். "தேவையில்ல."

அவர் தலையை ஆட்டினார். வேன் வாசலுக்கு வந்துவிட்டது. எழுந்து சாரத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"அப்ப அவளத் தின்ன உட்டீக்கலாமே, டொக்டர்."